லாசிட்சா + சத்தின்ஸ்கி: ஸ்லோவாக்கியாவின் நகைச்சுவை இரட்டையர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக்கோஸ்லோவாக்கியப் படங்களை விரும்பிப் பார்க்கிறவர்களுக்குப் பிராக் நகரம் அத்துப்படி. அந்த நாட்டின் இன்னொரு பாதியான ஸ்லோவாக்கியாவின் மேடையும் அதன் சிரிப்பும் அவ்வளவாக யார் காதுக்கும் எட்டியதில்லை. அந்தப் பாதியின் நகைச்சுவைக்கு முகமாக இருந்தவர்கள் இரண்டு பேர். அவர்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

யார் இந்த லாசிட்சாவும் சத்தின்ஸ்கியும்?

மிலான் லாசிட்சா 1940 பிப்ரவரி 3 அன்று நடு ஸ்லோவாக்கியாவில் உள்ள ஸ்வோலென் நகரில் பிறந்தார். யூலியுஸ் சத்தின்ஸ்கி 1941 ஆகஸ்ட் 20 அன்று, இன்றைய ஸ்லோவாக்கியத் தலைநகரான பிராத்திஸ்லாவாவில் பிறந்தவர். அந்த நகரின் துனாய்ஸ்கா தெருப் பையன். இருவரும் 1959-இல் ஒன்றாக மேடையேறத் தொடங்கினார்கள். 2002-இல் சத்தின்ஸ்கி இறக்கும்வரை, நடுவில் அதிகாரத்தில் இருந்தவர்கள் பிரித்துவைத்த காலத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், நாற்பது ஆண்டுக் கூட்டணி. மேடை, வானொலி, தொலைக்காட்சி, இசைத்தட்டு, சினிமா எல்லாவற்றிலும் இருந்தார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: இரண்டு பேர் மேடையில் நின்று பேசிக்கொள்வது.

அடிப்படையில் நடிகர்களா, எழுத்தாளர்களா?

படித்தது நடிப்பு அல்ல. பிராத்திஸ்லாவா நிகழ்த்துகலைக் கல்லூரியில் இருவரும் டிராமடர்ஜி படித்தார்கள். அதாவது அரங்குக்கு ஏற்ற நாடகத்தைத் தேர்ந்தெடுப்பது, பிரதியைச் செப்பனிடுவது, எந்தக் காட்சி எதற்காக இருக்கிறது என்று கேள்வி கேட்பது. படிப்பு முடிந்து லாசிட்சா சில ஆண்டுகள் தொலைக்காட்சியிலும் அந்த வேலையையே பார்த்தார்.

இது சின்னத் தகவல்போலத் தெரியலாம். ஆனால் இவர்களுடைய நகைச்சுவைக்குச் சாவி இங்கேதான் இருக்கிறது என்பேன். நடிகனாகப் பயிற்சி பெற்ற கோமாளி உடம்பிலிருந்து ஆரம்பிப்பான்: விழுவான், முகத்தைக் கோணுவான். இவர்கள் வாக்கியத்திலிருந்து ஆரம்பித்தார்கள். தங்களுக்கான வசனத்தைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். அதைப் பேச வேறு ஆள் கிடைக்காததால் தாங்களே பேசினார்கள் என்றுகூடச் சொல்லலாம். அப்படிப் பேசிப்பேசி, நாட்டின் தலைசிறந்த நடிகர்களாகவும் ஆகிவிட்டார்கள்.

பெயருக்கு நடுவே ஏன் எப்போதும் கூட்டல் குறி?

அது செக்கோஸ்லோவாக்கிய மேடை மரபு. பிராக்கில் 1920களின் இறுதியிலும் 1930களிலும் 'விடுதலை அரங்கு' என்ற மேடையை நடத்திய யிரி வோஸ்கோவெட்ஸ், யான் வெரிக் இருவரும் 'வி+டபிள்யூ' என்றே அறியப்பட்டார்கள். அவர்களுக்குப் பின் 1959-இல் செமஃபோர் அரங்கைத் தொடங்கிய யிரி சுகி, யிரி ஷ்லிட்ர் ஜோடிக்கும் அப்படியே ஒரு கூட்டல் குறி. அந்த வரிசையில் ஸ்லோவாக் மொழியில் வந்தவர்கள் 'எல்+எஸ்'.

வாரிசுரிமையில் பெயர் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு வடிவமும் கிடைத்தது. அதற்கு ஃபொர்பீனா என்று பெயர்.

ஃபொர்பீனா என்றால் என்ன?

மேடையின் முன்விளிம்பு. திரை மூடியிருக்கும், பின்னால் தொழிலாளர்கள் அடுத்த காட்சிக்கு அரங்கப் பொருள்களை மாற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த இடைவெளியை நிரப்ப, இரண்டு கோமாளிகள் திரைக்கு முன்னால் வந்து பார்வையாளர்களின் முகத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசுவார்கள். ஆரம்பத்தில் இது வெறும் நேரக் கடத்தல். வோஸ்கோவெட்ஸும் வெரிக்கும் அன்றைய செய்தித்தாளையும் அன்றைய அரசியலையும் இதற்குள் கொண்டுவந்தார்கள். போகப்போக, நாடகத்தைவிட இந்த இடைவேளைப் பேச்சுக்காகவே டிக்கெட் வாங்குகிறவர்கள் பெருகினார்கள்.

லாசிட்சாவும் சத்தின்ஸ்கியும் ஒரு படி மேலே போனார்கள். பின்னால் இருந்த நாடகத்தையே தூக்கிவிட்டு, ஃபொர்பீனாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேர், ஒரு பேச்சு. மாலை முழுக்க அதுதான். தேவைப்பட்டால் ஒரு பாட்டு.

அப்படி என்னதான் பேசுவார்கள்?

இதற்குப் பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம். தனியாகப் பிய்த்தெடுத்துச் சொல்லும்படியான ஜோக் இவர்களிடம் குறைவு. செயல்முறையை வேண்டுமானால் சொல்லலாம்.

ஒருவர் மிகச் சாதாரணமான ஒரு விஷயத்தைச் சொல்வார். மற்றவர் அதை மறுக்க மாட்டார், கிண்டலும் செய்ய மாட்டார். மரியாதையாக, ஒரு சின்ன விளக்கம் மட்டும் கேட்பார். முதலாமவர் விளக்குவார். அந்த விளக்கத்திலிருந்து இன்னொரு சந்தேகம் முளைக்கும். இருவரும் படித்தவர்களின் மொழியில், கூட்டத்தில் கட்டுரை வாசிக்கும் தோரணையில், தர்க்கம் ஒரு இடத்திலும் அறுந்துபோகாமல் நடந்து நடந்து, கடைசியில் அபத்தத்தின் நடுவீட்டில் போய் நிற்பார்கள். எந்தப் படியில் வழி தவறியது என்று பார்வையாளருக்குப் பிடிபடாது. அதுதான் சிரிப்பு.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. தத்துவம், வரலாறு, இலக்கிய விமர்சனம் என்று கனமான சொற்களை எடுத்துக்கொண்டு ஒன்றுமில்லாத விஷயத்தைப் பேசுவார்கள். கூட்ட மேடைகளிலும் செய்தித்தாள் தலையங்கங்களிலும் நாள்தோறும் அதே வெற்று மொழியைக் கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு, யாரைக் கேலி செய்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

இருவரில் சிரிக்க வைப்பவர் யார்?

வழக்கமான ஜோடியில் ஒருவர் புத்திசாலி, மற்றவர் முட்டாள். இங்கே அந்தப் பிரிவினை சரியாகப் பொருந்தாது. லாசிட்சா உலர்ந்த ஆள்: மெலிந்த உடல், கச்சிதமான உடை, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வாக்கியத்தை முடித்துவிட்டுக் காத்திருப்பார். சத்தின்ஸ்கி பொங்குகிறவர்: கனத்த உருவம், குழந்தைத்தனமான உற்சாகம், தான் சொல்வதில் தானே மயங்கிப்போகும் குணம். ஒருவர் பேச்சைச் சுருக்கிக்கொண்டே போவார், மற்றவர் விரித்துக்கொண்டே போவார்.

என் தனிப்பட்ட ஓட்டு லாசிட்சாவின் மௌனத்துக்கு. ஆனால் எதிரில் சத்தின்ஸ்கி இல்லையென்றால் அந்த மௌனம் வெறும் மௌனம்தான்.

கோர்ஸோ அரங்கு என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

1968-இல் பிராத்திஸ்லாவாவின் பழைய நகரப் பகுதியில் தொடங்கிய சிறிய அரங்கு, 'திவாட்லோ நா கோர்ஸே'. கோர்ஸோ என்பது ஊர்க்காரர்கள் மாலையில் உலா வரும் கடைவீதி. மரியான் லபூடா, மார்ட்டின் ஹூபா, மிலான் க்ஞாஷ்கோ, ஸோரா கோலின்ஸ்கா என்று பின்னாளில் நாடே அறிந்த ஒரு தலைமுறை நடிகர்கள் அங்கேதான் ஒன்றுசேர்ந்தார்கள். அபத்த நாடகம் அவர்களுக்குப் பிரியமான உணவு.

லாசிட்சாவும் சத்தின்ஸ்கியும் அங்கே போட்ட 'சுவாரே' என்ற மாலை நிகழ்ச்சிதான் அவர்களை நகரத்தின் பேச்சாக்கியது. அடுத்து, சாமுவேல் பெக்கெட்டின் புகழ்பெற்ற காத்திருப்பு நாடகத்துக்குப் பதில் சொல்வதுபோல 1969-இல் 'கோதோவுக்காகக் காத்திராமை' என்ற ஒன்றை எழுதினார்கள்.

காலத்தைக் கவனியுங்கள். 1968 ஜூன் மாதம் செக்கோஸ்லோவாக்கியாவில் தணிக்கை சட்டப்படியே ஒழிக்கப்பட்டது. இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. ஆகஸ்ட் 20 இரவு சோவியத் யூனியனும் வார்சா ஒப்பந்தக் கூட்டாளிகளும் டாங்கிகளோடு எல்லையைத் தாண்டினார்கள். அன்று சத்தின்ஸ்கிக்கு 27-வது பிறந்தநாள்.

டாங்கி வந்த மறுநாளே மேடைகளை மூடிவிடவில்லை. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு, ஒரு விசித்திரமான இடைக்காலம் ஓடியது. வீதியில் அந்நியப் படை, உள்ளே இவர்களின் பேச்சு. ஒரு மாலை சிரித்துவிட்டு வெளியே வந்த பார்வையாளருக்கு அந்தச் சிரிப்பின் எடை எவ்வளவு இருந்திருக்கும் என்பதை, வெறும் பிரதியை வாசித்து நம்மால் அறிய முடியாது.

ஏன் தடை செய்தார்கள்? அரசாங்கத்தைத் திட்டினார்களா?

நேரடியாகத் திட்டவில்லை. அதுதான் அதிகாரிகளுக்குத் தலைவலி.

1969 ஏப்ரலில் குஸ்தாவ் ஹுசாக் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமைக்கு வந்தார். அவரும் ஸ்லோவாக்கியர்தான். அதன்பிறகு தொடங்கிய காலத்துக்கு 'இயல்புநிலைப்படுத்தல்' என்று பெயர் வைத்தார்கள். கலைஞர்கள், பேராசிரியர்கள், பத்திரிகையாளர்கள் எல்லோரையும் சலித்தெடுத்து, 1968-இன் சீர்திருத்த வாடை அடித்தவர்களை வேலையிலிருந்து அகற்றிய காலம் அது. கோர்ஸோ அரங்கு 1971-இல் மூடப்பட்டது.

மேடைப் பிரதிக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டியிருந்த முறையில், தணிக்கையாளர் முன்னால் இருப்பது தாள் மட்டுமே. இவர்களுடைய தாளில் வெட்டுவதற்கு ஒன்றும் கிடைக்காது. மேடையில் ஒரு வாக்கியத்துக்குப்பின் லாசிட்சா விடும் இடைவெளியை எந்தப் பேனாவால் அடிப்பது? அந்த இடைவெளியில் பார்வையாளர் தானாகவே எதையோ நினைத்துச் சிரித்துவிடுகிறார். வரியைத் தடை செய்ய முடியாதபோது ஆளைத் தடை செய்வார்கள். அதைத்தான் செய்தார்கள்.

அந்தக் காலத்தில் எப்படிப் பிழைத்தார்கள்?

முதலில் மொழி எல்லையைத் தாண்டி, செக் பகுதியில் உள்ள ப்ர்னோ நகருக்குப் போனார்கள். அங்கே 'வெச்செர்னீ ப்ர்னோ' என்ற அங்கத அரங்கில் கொஞ்சகாலம் நடித்தார்கள். ஒரே நாடுதான் என்றாலும் ஸ்லோவாக் அதிகாரிகளின் கை அங்கே உடனே நீளவில்லை. அந்தக் கதவும் 1970களின் தொடக்கத்திலேயே மூடியது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பிராத்திஸ்லாவாவின் நோவா ஸ்ட்சேனா அரங்கில், ஆபரெட்டாவும் மியூசிக்கலும் போடும் பாட்டு நாடகப் பிரிவில் இருவரையும் சேர்த்துவிட்டார்கள். நாட்டின் கூர்மையான இரண்டு எழுத்தாளர்கள், அடுத்தவர் எழுதிய காதல் பாட்டு நாடகங்களில் பக்கவேடம் கட்டினார்கள். இரட்டையராகத் தங்கள் சொந்த உரையாடலோடு தோன்றுவதுதான் குற்றம். தனித்தனியே தொப்பி போட்டுக்கொண்டு ஆடலாம்.

தண்டனையாகக் கொடுத்ததில் ஒரு லாபமும் வந்தது. லாசிட்சா முறையாகப் பாடக் கற்றதும், பாட்டு எழுதுவதில் கை பழகியதும் இந்த ஆண்டுகளில் வலுப்பட்டன. பின்னாளில் அவர் எழுதிய பாடல் வரிகள் பல பாடகர்களின் வாயில் புழங்கின. பிராத்திஸ்லாவாவில் பிறந்து பிராக்கின் பெரிய பாடகியான ஹனா ஹெகெரோவாவும் அவர்களில் ஒருவர்.

இரட்டையர் என்கிறீர்கள். பழைய படங்களில் பியானோவுக்கு முன்னால் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறாரே?

யாரோஸ்லாவ் ஃபிலிப். 1949-இல் பிறந்த இசையமைப்பாளர், இவர்களைவிட எட்டொன்பது வயது இளையவர். பக்கவாத்தியக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாத ஆள்: நடித்தார், எழுதினார், தானே ஒரு நகைச்சுவையாளர். லாசிட்சா வரிகள் எழுத, ஃபிலிப் மெட்டமைக்க, மூவரும் சேர்ந்து பாடிய 'நாங்கள் பதினொரு பேர் இருந்தோம்' என்ற பாட்டு இன்றும் ஸ்லோவாக்கியாவில் வயது வித்தியாசம் இல்லாமல் பாடப்படுகிறது. பதினொரு பேர் என்றால் கால்பந்து அணி.

இந்தப் பாடல்களை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேடைப் பேச்சில் இருவரும் உணர்ச்சியைத் தொடவே மாட்டார்கள். பாட்டில் அதற்கு இடம் கொடுத்தார்கள். அதிலும் அழுது வடிய மாட்டார்கள். மூவரில் யாருக்கும் பெரிய குரல் இல்லை என்பதும் அந்தப் பாடல்களுக்குப் பொருத்தமாகவே அமைந்தது.

ஃபிலிப் 2000 ஜூலையில், 51 வயதில் காலமானார். கணினியும் இணையமும் வந்தபோது அவற்றை முதல் ஆளாக வாரியணைத்த கலைஞர்களில் அவர் ஒருவர்.

தொலைக்காட்சிக்குள் மறுபடி எப்படி வந்தார்கள்?

கொஞ்சம் கொஞ்சமாக. 1970களின் இறுதியில் கெடுபிடி சற்றுத் தளர்ந்தது. 'கதவுக்குப் பின்னால் யாரோ' என்ற பொழுதுபோக்கு நிகழ்ச்சி பிராத்திஸ்லாவா தொலைக்காட்சியில் வந்தது. ஃபிலிப்பும் கூட இருந்தார். கோர்ஸோவுக்குப் போகும் வயதில்லாத பிள்ளைகள் இவர்களை முதன்முதலில் பார்த்தது அந்தத் திரையில்தான்.

சொந்த அரங்கு எப்போது கிடைத்தது?

1980களின் தொடக்கத்தில் 'ஸ்டூடியோ எஸ்' என்ற பெயரில். பிராத்திஸ்லாவாவின் மே முதல் தேதிச் சதுக்கத்தில் இருக்கும் அரங்கு அது. 1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு பெயரோடு ஓர் எழுத்தும் ஒரு குறியும் சேர்ந்து 'ஸ்டூடியோ எல்+எஸ்' ஆனது.

அங்கே எழுதிய நாடகங்களில் 'மகிழ்ச்சி நாள்' பெயர் பெற்றது. அதற்கும் முன்பே 'நம் நண்பன் ரெனே' என்ற நாடகத்தையும் எழுதியிருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் யோசெஃப் இக்னாத்ஸ் பைசா என்ற பாதிரியார் எழுதிய முதல் ஸ்லோவாக் நாவலிலிருந்து பிறந்தது அது. பள்ளிக்கூடத்தில் பெயரை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு யாரும் படிக்காமல் விடும் ஒரு நூலைத் தேடியெடுத்து, அதிலிருந்து கூட்டம் சேர்க்கும் நகைச்சுவை செய்ய, டிராமடர்ஜி படித்தவர்களால்தான் முடியும்.

சினிமாவில் எதைப் பார்க்கலாம்?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இவர்களுடைய உச்சம் சினிமாவில் இல்லை. இருவரும் கேமராவுக்குப் பொருந்தினார்கள். ஆனால் சினிமா இவர்களைப் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் பயன்படுத்தியது. இருந்தாலும் மூன்று படங்களைச் சொல்லலாம்.

'பூமியிலிருந்து அன்பு வணக்கம்': 1980களின் தொடக்கத்தில் ஓல்ட்ரிஹ் லிப்ஸ்கி இயக்கிய செக் நகைச்சுவை. பூமியை ஆராய வரும் வேற்றுக்கிரகவாசிகள் இருவர். பெயர் 'ஏ', 'பி'. அந்த வேடங்களுக்கு லாசிட்சாவும் சத்தின்ஸ்கியும். மனிதர்கள் செய்யும் ஒவ்வொன்றையும் முகம் மாறாமல், அறிவியல் ஆர்வத்தோடு கவனித்துக் குறிப்பெடுக்கும் பாத்திரங்கள். எதிரில் மனிதத் தரப்பில் இருப்பவர் யிரி மென்ஸெல். ஆஸ்கார் வாங்கிய இயக்குநர், இங்கே நடிகராக. இருவரையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

'உன்னோடு இருந்தால் உலகம் இனிக்கும்' (1983): இயக்குநர் மரியே பொலெத்ஞாகோவா. மூன்று நண்பர்கள் ஆண்டுதோறும் குடும்பத்தை விட்டுவிட்டு மலைக்குடிலுக்குப் போவார்கள். இந்த முறை மனைவிமார் பிள்ளைகளையும் தலையில் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். மூன்று அப்பாக்களில் ஒருவர் சத்தின்ஸ்கி. பனி, குழந்தைகள், சமையலறைக் களேபரம். ரசிகர்கள் வாக்களித்து நூற்றாண்டின் சிறந்த செக் நகைச்சுவைப் படமாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். அந்தப் பட்டத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த மனிதர் குழந்தைகளோடு எவ்வளவு இயல்பாக இருந்தார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

'சத்துர்னின்' (1994): ஸ்தெஞெக் யிரோட்காவின் 1942 நாவலைப் படமாக்கியது. லாசிட்சாவுக்கு டாக்டர் விளாஹ் வேடம். இந்த டாக்டரிடம் மனிதர்களைப் பிரிக்க ஒரு கோட்பாடு இருக்கிறது. காபிக் கடையில் ஒரு தட்டு நிறையக் கோப்லிஹி, அதாவது உள்ளே ஜாம் வைத்துப் பொரித்த பன், வைத்திருக்கிறார்கள். முதல் வகை மனிதன் அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டாம் வகை, அந்தப் பன்களை ஒவ்வொன்றாக எடுத்து அங்கே உட்கார்ந்திருப்பவர்கள்மேல் எறிந்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்து மகிழ்வான். மூன்றாம் வகை மிக அரிது: அவன் எழுந்து போய் உண்மையிலேயே எறிந்துவிடுவான். கோட்பாடு எழுத்தாளருடையது. ஆனால் இப்படி ஒன்றைப் பல்கலைக்கழக உரைபோல நம்பிக்கையோடு சொல்ல லாசிட்சாவைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க மாட்டார்.

இது முழுக்க ஆண்களின் உலகம்தானா?

கூட்டல் குறிக்கு இருபுறமும் ஆண்கள்தான். அந்தக் காலத்து இரட்டையர் மரபே அப்படி. ஆனால் சுற்றியிருந்த பெண்களைச் சொல்லாமல் விட்டால் கதை அரைகுறை.

ஸோரா கோலின்ஸ்கா கோர்ஸோவின் நடிகை, பாடகி, நகைச்சுவையில் கெட்டிக்காரி. லாசிட்சாவின் முதல் மனைவி. 2002 ஆகஸ்டில் இறந்தார்.

மாக்டா வாஷாரியோவா, லாசிட்சாவின் இரண்டாவது மனைவி. 1967-இல் வந்த 'மர்கேத்தா லஸரோவா' படத்தில் தலைப்புப் பாத்திரம். 'போஸ்த்ரிஷினி' படத்தில் கூந்தல் நீண்ட மதுபான ஆலை நாயகி. 1989-க்குப் பிறகு நடிப்பை விட்டு அரசியலுக்கும் தூதரகப் பணிக்கும் போனார். 1990-இல் ஆஸ்திரியாவுக்குத் தூதர். 1999-இல் ஸ்லோவாக்கியாவின் முதல் நேரடி அதிபர் தேர்தலில் வேட்பாளர். வீட்டில் இரண்டு பேரில் யார் அதிகம் பிரபலம் என்று அந்த ஆண்டுகளில் சொல்வது கஷ்டம்.

மூன்றாவது பெயர் இவர்களுடைய வட்டத்தைச் சேர்ந்ததல்ல, வேறொரு திசை: கத்தரீனா கொல்னீகோவா. பெயர் கோலின்ஸ்காவோடு குழம்பக்கூடியது என்பதால் சொல்லிவைக்கிறேன். 1921-இல் ரதொஷினா என்ற கிராமத்தில் பிறந்தவர். அதே ஊர்க்காரரான ஸ்தானிஸ்லாவ் ஷ்டெப்கா 1963-இல் தொடங்கிய கிராமத்து அரங்கில், நடிப்புப் பள்ளி எதிலும் படிக்காமல், நடுத்தர வயதுக்குமேல் வந்து சேர்ந்தார். ஊர்ப் பாட்டியின் பேச்சை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்து நாடு முழுக்கச் செல்லமானார். 2006-இல் மறைந்தார். லாசிட்சா-சத்தின்ஸ்கியின் நகரத்துப் படித்த சிரிப்புக்கு எதிர்முனை அவருடையது. ஸ்லோவாக் நகைச்சுவையை இவர்களை மட்டும் வைத்து அளந்துவிடக் கூடாது என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

செக்காரர்களுக்கு இவர்கள் பேசும் ஸ்லோவாக் புரிந்ததா?

புரிந்தது. இரண்டும் நெருங்கிய மொழிகள். போதாததற்கு, கூட்டாட்சித் தொலைக்காட்சியில் இரண்டு மொழியும் மாறிமாறி ஒலிக்கும். செய்தி ஒரு மொழியில், அதன் தொடர்ச்சி இன்னொன்றில் வந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால் இவர்கள் ஸ்லோவாக்கிலேயே பேசி செக் பகுதியிலும் நட்சத்திரங்களானார்கள். 1993 ஜனவரி 1 அன்று நாடு இரண்டானபின் வளர்ந்த செக் பிள்ளைகளுக்கு அந்தக் காது குறைந்துவிட்டது.

1989-க்குப் பிறகு இவர்களுக்கு வேலை இருந்ததா? எதிரி போய்விட்டானே?

நியாயமான கேள்விதான். தடைகளுக்கு நடுவே கிசுகிசுத்து வாழ்ந்த பல அங்கதக்காரர்கள் சுதந்திரம் வந்ததும் பேச்சற்றுப் போனார்கள். இவர்களுக்கு அது நேரவில்லை. காரணம், இவர்களுடைய இலக்கு ஒரு கட்சியாக இருந்ததில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோலக் கனமாகப் பேசும் மனிதனே அவர்களின் சரக்கு. அந்த மனிதன் எந்த ஆட்சியிலும் வேலையில் இருப்பான். 1990களின் ஸ்லோவாக்கியா, புதிய தேசியப் பெருமிதமும் புதிய அரசியல்வாதிகளுமாக, அவர்களுக்குத் தாராளமாகவே தீனி போட்டது.

சத்தின்ஸ்கி தனியாக எழுதியவை?

நிறைய. பத்திரிகைப் பத்திகள், கடிதங்கள், நினைவுக் குறிப்புகள். பழைய பிராத்திஸ்லாவாதான் அவருடைய காதல். ஸ்லோவாக், ஜெர்மன், ஹங்கேரியன் மூன்றும் ஒரே கடையில் புழங்கிய நகரம் அது. போருக்குப் பின் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட, யூதர்கள் அதற்கு முன்பே கொல்லப்பட, அவர் கண்முன்னே உருமாறிப்போனது. மிச்சமிருந்த ஞாபகங்களை 'துனாய்ஸ்கா தெருப் பையன்கள்' என்ற நூலில் எழுதினார். 2002 டிசம்பர் 29 அன்று, 61 வயதில் இறந்தார்.

அதன்பிறகு லாசிட்சா என்ன செய்தார்?

புதிய ஜோடி தேடவில்லை. அரங்கை நடத்தினார், மற்றவர்கள் எழுதிய நாடகங்களில் நடித்தார், எழுதினார். அதிகமாகப் பாடவும் செய்தார். 1920, 30களின் நடனப் பாடல்களை அந்தக் காலத்து வாத்திய அமைப்போடு வாசிக்கும் 'பிராத்திஸ்லாவா ஹாட் செரனேடர்ஸ்' என்ற குழுவோடு மேடையேறினார். ஸ்லோவாக் ஆபரெட்டாவின் முதல் நட்சத்திரமான ஃபிரான்டிஷெக் கிரிஷ்டோஃப் வெசெலியின் பழைய டாங்கோக்களுக்கு இப்படி மறுவாழ்வு கிடைத்தது. கேலி செய்யாமல், அதே சமயம் உருகியும் வழியாமல் அவற்றைப் பாடுவது அவருக்குக் கைவந்தது. ஆபரெட்டாவில் தள்ளிவிடப்பட்ட ஆண்டுகளின் பயிற்சி.

அவர் மேடையிலேயே இறந்தார் என்பது உண்மையா, கதையா?

உண்மை. 2021 ஜூலை 18, ஸ்டூடியோ எல்+எஸ் அரங்கில் அந்தக் குழுவோடு நிகழ்ச்சி. பாடிக்கொண்டிருந்த மாலையில் மேடையிலேயே சரிந்தார். வயது 81.

ஸ்லோவாக் தெரியாதவர் எங்கிருந்து தொடங்குவது?

மேடை உரையாடல்களிலிருந்து தொடங்க வேண்டாம். சப்டைட்டில் போட்டாலும், அது வாக்கியத்தைக் கொடுத்துவிடும். வாக்கியத்துக்குப் பிந்தைய இடைவெளியைக் கெடுத்துவிடும். எழுத்து திரையில் முன்கூட்டியே வந்துவிடுவதால், லாசிட்சா வாய் திறக்குமுன் நமக்கு முடிவு தெரிந்துவிடுகிறது. முதலில் வேற்றுக்கிரகவாசிகள் படம். பிறகு ஃபிலிப்போடு பாடிய பாடல்கள்; மெட்டே பாதி அர்த்தத்தைச் சொல்லிவிடும். அதற்குப் பிறகும் ஆர்வம் இருந்தால், அவர்களின் பழைய மேடைப் பதிவு ஒன்றை மொழி புரியாமலேயே ஐந்து நிமிடம் பாருங்கள். யார் எப்போது யாரைப் பார்க்கிறார், யார் எப்போது பார்க்காமல் இருக்கிறார் என்று மட்டும் கவனித்தால் போதும்.

பிராத்திஸ்லாவா போனால் அந்த அரங்கைப் பார்க்க முடியுமா?

முடியும். அரங்கு இயங்கிக்கொண்டிருக்கிறது. நகர மையத்துக்குப் பக்கம்தான். பெரும்பாலான நாட்களில் ஸ்லோவாக் நாடகம் இருக்கும். மொழி தெரியாதவர்கள் கச்சேரி ஏதாவது இருக்கும் நாளாகப் பார்த்து டிக்கெட் எடுப்பது நல்லது. துனாய்ஸ்கா தெருவுக்கும் அங்கிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் சத்தின்ஸ்கி எழுதிய தெருவைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான், கடைகளும் அலுவலகங்களும் பெரும்பாலும் புதுசு.